காஜா மட்டும்தான் பாக்கி!

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் தையற்கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். "சட்டை முடிஞ்சிடுச்சு தம்பி, காஜா பட்டன் மட்டும்தான் பாக்கி" என்பார் டெய்லர். அவர் பொய் சொல்லவில்லை. உடம்பு, கை, காலர் எல்லாம் தைத்துத் தொங்குகிறது. ஆனால், காஜா எடுக்கிறவர் வேறு கடை. அவரிடம் எழுபது சட்டை வரிசையில் நிற்கிறது. உங்களுடையது எழுபத்தொன்று. தைத்த துணியை வைத்துப் பார்த்தால் தொண்ணூறு சதவிகிதம். போட்டுக்கொண்டு தெருவில் நடக்க முடியுமா என்று பார்த்தால் பூஜ்யம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் ஆபீஸ்களிலும் இதே டெய்லர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்னப்பா, ரிப்போர்ட் வேலை எந்த அளவுல இருக்கு?"

"தொண்ணூறு பர்சன்ட் ஸார்."

"போன வாரமும் தொண்ணூறுன்னுதானே சொன்னே?"

"அது ரஃப்பா தொண்ணூறு ஸார். இது கரெக்டா தொண்ணூறு."

சிரிக்காதீர்கள். இந்தத் தொண்ணூறு உலகப் பிரசித்தி பெற்றது. அமெரிக்காவில் பெல் லேப்ஸில் இருந்த டாம் கார்கில் என்பவர் இதை வைத்து ஒரு விதியே சொன்னார். முதல் தொண்ணூறு சதவிகித புரோகிராமை எழுத, கொடுத்த நேரத்தில் தொண்ணூறு சதவிகிதம் போய்விடுமாம். மிச்சப் பத்தை முடிக்க இன்னொரு தொண்ணூறு வேண்டுமாம். கூட்டிப் பார்த்துக் கொள்ளுங்கள். 1985-ல் ஜான் பென்ட்லி தன் பத்தியில் இதை எடுத்துப் போட, கம்ப்யூட்டர்காரர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அதற்கும் பத்து வருஷம் முன்பே, ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்.360 என்ற ராட்சச வேலையை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ், தன் புத்தகத்தில் இந்தத் தொண்ணூறைக் கிண்டலடித்திருந்தார். மொத்த காலத்தில் பாதி நாள் வேலை அங்கேயேதான் நிற்கிறதாம்.

ஆக, நோய் பழசு. புதுசு என்னவென்றால், இந்தத் தொண்ணூறை இப்போது ஒரு சாஃப்ட்வேரில் டைப் அடிக்கிறோம். டைப் அடித்து, கலர் பிரிண்ட் எடுத்து, மீட்டிங்கில் வைத்தவுடன் அதற்கு ஒரு கெளரவம் வந்துவிடுகிறது. வாயால் சொன்னபோது 'சும்மா சொல்றான்' என்று நினைத்தவர்கள், நீலப் பட்டையாகப் பார்த்ததும் நம்பி விடுகிறார்கள்.

அந்தப் பட்டைக்குச் சொந்தக்காரர் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்க இன்ஜினீயர். முதல் உலகப் போர் சமயத்தில் ராணுவத் தளவாட வேலைகளைக் கண்காணிக்க அவருடைய சார்ட்டுகள் பயன்பட்டன. திட்டமிட்டது இவ்வளவு, நடந்தது இவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் கோடு போட்டுக் காட்டுவதுதான் சங்கதி. அப்போது பேப்பர், பேனா. 1984-ல் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் டாஸில் வந்தது, 1990-ல் விண்டோஸுக்கு மாறியது. பாலம், ரிஃபைனரி கட்டுகிற ஆசாமிகள் ப்ரைமவேரா என்கிறார்கள். பேர்தான் வேறு. உள்ளே கேட்கிற கேள்வி ஒன்றேதான்.

அந்தக் கேள்வியைத்தான் நம்மில் பலர் தப்பாகப் புரிந்து கொண்டிருக்கிறோம்.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் 'பர்சன்ட் கம்ப்ளீட்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் 'வேலை எவ்வளவு முடிந்தது' என்று கேட்கிற மாதிரி தோன்றும். இல்லை. அது வெறும் நாள் கணக்கு. மொத்த நாளில் எத்தனை நாள் கழிந்தது என்பதுதான் அங்கே வரும் எண். பத்து நாள் வேலையில் இரண்டு நாள் போயிருந்தால் இருபது. அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

ஒரு உதாரணம். பழைய ஃபைல்களில் இருக்கும் ஆயிரம் ரெக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பத்து நாள் வேலை. முதல் இரண்டு நாள் நான்கு பேர் உட்கார்ந்து, தூசி தட்டி, கட்டுப் பிரித்து, வரிசைப்படுத்துகிறார்கள். அப்புறம் எட்டு நாள் ஒரே ஒருவர் டைப் அடிக்கிறார். ஆள் கணக்கில் முதலில் எட்டு, பின்னால் எட்டு, மொத்தம் பதினாறு ஆள்-நாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மேனேஜர் வந்து, "எவ்வளவு ஆச்சு?" என்கிறார்.

நாள் கணக்கில் பத்துக்கு இரண்டு, இருபது சதவிகிதம். உழைப்புக் கணக்கில் பதினாறுக்கு எட்டு, ஐம்பது சதவிகிதம். கம்ப்யூட்டருக்குள் ஏறிய ரெக்கார்டு எத்தனை என்று பார்த்தால் முட்டை.

இருபது, ஐம்பது, பூஜ்யம். மூன்றுமே நிஜம்! சாஃப்ட்வேரிலும் இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. 'பர்சன்ட் கம்ப்ளீட்' நாளுக்கு. 'பர்சன்ட் வொர்க் கம்ப்ளீட்' உழைப்புக்கு. 'ஃபிஸிகல் பர்சன்ட் கம்ப்ளீட்' கண்ணால் பார்த்து எண்ணக் கூடியதற்கு. கடைசிக் கட்டத்தை நாமேதான் நிரப்ப வேண்டும், அது தானாகக் கணக்குப் போடாது. ப்ரைமவேராவில் ஒவ்வொரு வேலைக்கும் இந்த மூன்றில் எது என்று முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால், எத்தனை பேர் சொல்கிறோம்? வேலை செய்பவர் மனசில் ஐம்பதை நினைத்து 'ஐம்பது' என்கிறார். நாம் அதைக் கொண்டு போய் நாள் கட்டத்தில் போடுகிறோம். சாஃப்ட்வேர், 'ஆஹா, ஐந்து நாள் முடிந்தது, இன்னும் ஐந்துதான்' என்று சந்தோஷப்படுகிறது. டைப் அடிப்பவருக்கோ முழுசாக எட்டு நாள் பாக்கி.

அப்படியானால் என்னதான் கேட்பது?

'எவ்வளவு முடிஞ்சுது'ன்னு கேட்காதீங்க. 'இன்னும் எத்தனை நாள்'னு கேளுங்க. அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. 'ரிமெய்னிங் டியூரேஷன்.' பாவம், பல ஃபைல்களில் அதைத் திரையில் கொண்டு வந்திருக்கவே மாட்டார்கள்.

அதன் மகிமையைப் பாருங்கள். பத்து நாள் வேலை, ஐந்து நாள் ஓடிவிட்டது. 'எவ்வளவு முடிந்தது?' என்று கேட்டால் ஆசாமி பழக்க தோஷத்தில், "பாதி ஸார்" என்பார். ஐம்பது போடுவீர்கள். கடைசித் தேதி ஒரு இம்மி அசையாது. அதே ஆளிடம், "இன்னும் எத்தனை நாள்ப்பா ஆகும்?" என்று கேளுங்கள். ஒரு நிமிஷம் மேலே ஃபேனைப் பார்ப்பார். "அவங்க அனுப்பின டேட்டாவுல பாதி தப்பு ஸார். சரி பண்ணிட்டு திரும்ப ஓட்டணும். ஒன்பது நாளாவது ஆகும்." ஒன்பதைப் போடுங்கள். ஐந்தும் ஒன்பதும் பதினாலு. பதினாலில் ஐந்து என்பது முப்பத்தாறு சதவிகிதம் என்று சாஃப்ட்வேரே கணக்குப் போட்டுக் கொள்ளும். இதை நம்பிக் கொண்டிருக்கும் அடுத்த வேலைகள் எல்லாம் நான்கு நாள் தள்ளிப் போகும். அதுதான் நடக்கப் போகிறது. இன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஒரே ஆள், ஒரே வேலை. கேள்வி மாறியதும் ஐம்பது முப்பத்தாறாகிவிட்டது. 'எவ்வளவு முடிந்தது' என்றால் மனிதன் திரும்பிப் பார்த்து, பட்ட பாட்டை நினைக்கிறான். 'இன்னும் எத்தனை நாள்' என்றால் முன்னால் கிடப்பதை எண்ணுகிறான். தவிர, சதவிகிதத்துக்கு ஒரு வீம்பு உண்டு. போன வாரம் எண்பது சொன்னவன் இந்த வாரம் அறுபது என்று சொல்லவே மாட்டான், மானப் பிரச்னை. 'இன்னும் ஆறு நாள்' என்றவன் 'இன்னும் எட்டு' என்று சொல்லலாம். அதில் அவமானம் இல்லை, புது விஷயம் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வாரா வாரம் இந்த எண்ணை மட்டும் ஒரு ஓரமாகக் குறித்து வாருங்கள். எட்டு, எட்டு, ஏழு, எட்டு என்று வந்தால் அந்த ஆள் எங்கேயோ மாட்டிக் கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். வாய் திறந்து உதவி கேட்கக் கூச்சப்படுகிறார். அதே நான்கு வாரத்தை அவர் சதவிகிதத்தில் சொல்லியிருந்தால் எண்பத்தைந்து, எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு என்று ஜோராக ஏறியிருக்கும்!

இங்கே சாஃப்ட்வேரின் சில குறும்புகளையும் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை ஆரம்பிக்க வேண்டிய வேலை. கையெழுத்து வாங்கத் தாமதம், வியாழக்கிழமைதான் தொட்டார்கள். நீங்கள் நேரே போய் சதவிகிதத்தில் ஐம்பது என்று போட்டால், மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்ன செய்யும் தெரியுமா? 'ஆக்சுவல் ஸ்டார்ட்' கட்டம் காலியாக இருக்கிறதே என்று, திட்டத்தில் இருந்த திங்கட்கிழமையையே எடுத்து நிரப்பிக் கொள்ளும். மூன்று நாள் தாமதம் மாயமாக மறைந்துவிடும். அதனால் முதலில் நிஜமாக ஆரம்பித்த தேதி, அப்புறம் பாக்கி நாள். சதவிகிதத்தை அதுவே போட்டுக் கொள்ளட்டும்.

நூறு போட்டால் இன்னும் வேடிக்கை. 'ஆக்சுவல் ஃபினிஷ்' கட்டத்தில் திட்டத்தில் உள்ள கடைசித் தேதியை எழுதிக் கொள்ளும். அந்தத் தேதி அடுத்த புதன்கிழமையாக இருந்தாலும் கவலை இல்லை. அடுத்த புதன்கிழமை 'முடிந்துவிட்டது' என்று இறந்த காலத்தில் பதிவாகும். ஜோசியர்கள்கூட இத்தனை தைரியமாகச் சொல்வதில்லை!

இதற்கு நேர் எதிர்க் கூத்தும் உண்டு. போன செவ்வாய்க்கிழமை நடக்க வேண்டிய வேலை நடக்கவில்லை. நீங்களும் ஒன்றும் தொடவில்லை. அது அங்கேயே, போன செவ்வாய்க்கிழமையிலேயே, 'இனிமேல் செய்யப்படும்' என்று சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். கடந்து போன செவ்வாய்க்கிழமையில் யார் போய் வேலை செய்வது? அதற்காகத்தான் 'ஸ்டேட்டஸ் டேட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 'இந்தத் தேதி வரைக்கும் நடந்ததைச் சொல்கிறேன்' என்று நாம் கிழிக்கிற கோடு. ப்ரைமவேராக்காரர்கள் இதை 'டேட்டா டேட்' என்பார்கள். கோட்டுக்கு இடது பக்கம் முடியாத வேலை இருக்கக் கூடாது, வலது பக்கம் முடிந்த வேலை இருக்கக் கூடாது. இடது பக்கம் சிக்கியதையெல்லாம் வலது பக்கம் தள்ள 'அப்டேட் ப்ராஜெக்ட்' என்பதற்குள் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் ஃபைலைத் திறந்து இந்த ஒரு கோட்டை மட்டும் போட்டுப் பாருங்கள். பல ப்ராஜெக்டுகளின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

'மார்க் ஆன் ட்ராக்' என்றும் ஒரு பட்டன் உண்டு. திட்டப்படி இன்று எவ்வளவு ஆகியிருக்க வேண்டுமோ அவ்வளவு ஆகிவிட்டதாக ஒரே அழுத்தில் நிரப்பிவிடும். நிஜமாகவே திட்டப்படி நடந்த வேலைக்கு அது நியாயமான வசதி. வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லா வரியையும் செலக்ட் பண்ணி அமுக்குவது, விடைத்தாளை மாணவனே திருத்திக் கொள்கிற மாதிரி.

மேலே மொத்தமாக ஒரு வரி இருக்குமே, 'ப்ராஜெக்ட் 72 சதவிகிதம்' என்று? அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கீழே உள்ள வேலைகளின் நாள்களைக் கூட்டி எடுத்த கணக்கு அது. பதினைந்து பேர் இருபது நாள் முதுகொடியச் செய்யும் வேலையும், சப்ளையர் பதிலுக்காக இருபது நாள் சும்மா காத்திருப்பதும் அதன் கண்ணில் சமம். காத்திருந்தே கணிசமாக முன்னேறலாம்!

இதெல்லாம் ஆபீஸ் ஃபைலோடு முடிகிற சமாசாரம் என்று நினைத்தால், ஜெர்மனி பக்கம் பாருங்கள். ஜெர்மனி! கடிகாரத்துக்கே மணி சொல்லித் தரும் தேசம் என்று நாம் நம்பிக் கொண்டிருக்கும் நாடு.

பெர்லினுக்குப் புது விமான நிலையம். 2006-ல் வேலை ஆரம்பம். முதலில் 2011 அக்டோபரில் திறப்பதாக இருந்தது. அப்புறம் 2012 ஜூன் 3 என்றார்கள். கட்டடம் கம்பீரமாக எழுந்து நின்றது. ஆயிரக்கணக்கான பொதுமக்களைக் கூப்பிட்டு, போலிப் பயணிகளாக நடக்க வைத்து, பெட்டி போட வைத்து ஒத்திகையும் பார்த்தார்கள். விழா அழைப்பிதழ்கள் போயாகிவிட்டன. பழைய விமான நிலையத்தை ஒரே ராத்திரியில் மூட்டை கட்ட ஏற்பாடு. உள்ளே கடை எடுத்தவர்கள் சாமான் வாங்கி, ஆள் வைத்துத் தயாராக இருந்தார்கள். போகிறவர் எவர் பார்த்தாலும், "இன்னும் துளிதான் பாக்கி" என்றிருப்பார்.

அந்தத் துளி எது தெரியுமா? தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் அமைப்பு. புகை மேலே போகும் என்பது நம் வீட்டுச் சமையலறைக்கே தெரியும். அங்கே கூரை அழகு கெடக் கூடாது என்று, புகையை இழுத்துக் கீழ்ப் பக்கமாகக் கொண்டு போகும்படி வடிவமைத்திருந்தார்கள். அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. தீ விபத்து என்றால் ஓடிப் போய்க் கதவு திறக்க ஆட்களை நிறுத்தலாமா என்றுகூட யோசித்தார்கள்! அதிகாரிகள் ஒப்புக் கொள்ளவில்லை. திறப்புக்கு நான்கு வாரம்கூட இல்லாத நிலையில், மே 8-ம் தேதி, 'இப்போது இல்லை' என்று அறிவித்தார்கள்.

நிஜமாகத் திறந்தது எப்போது? 2020 அக்டோபர் 31. நான்கு வாரத்தில் முடியும் என்றிருந்த வேலைக்கு எட்டு வருஷத்துக்கு மேல். கேபிள்களைத் தப்புத் தப்பாகப் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் பிரித்துப் பார்த்தபோது வரிசையாக வெளியே வந்தது. செலவு பல மடங்கு. காசு போட்டுக் கடை எடுத்து, திறக்காத கதவுக்கு முன்னால் நின்ற சின்ன வியாபாரிகளை யார் கணக்கில் எழுதுவது?

தீயணைப்புச் சோதனையில் 'தொண்ணூற்றைந்து சதவிகிதம் பாஸ்' என்று ஒன்று கிடையாது. பாஸ் அல்லது ஃபெயில். சில வேலைகளுக்கு நடுவில் எண்ணே இல்லை. இதை அமெரிக்க ராணுவ அமைச்சகம் ரொம்ப நாளைக்கு முன்பே உணர்ந்திருந்தது. காசு செலவானதையே வேலை நடந்ததாகக் காட்டும் காண்ட்ராக்டர்களால் நொந்து போய், 1967-ல் அவர்களுக்கென்று விதிமுறைகள் கொண்டு வந்தார்கள். செலவழித்தது வேறு, சம்பாதித்தது வேறு என்பதுதான் அதன் சாரம்.

அந்தப் பரம்பரையில் வந்த சின்னச் சின்ன உபாயங்கள் நமக்கும் உதவும். இரண்டு மூன்று நாள் வேலையா? முடியும்வரை பூஜ்யம், முடிந்தால் நூறு. நடுவில் பேச்சே கிடையாது. அது ரொம்பக் கெடுபிடியாக இருந்தால், ஆரம்பித்தவுடன் ஐம்பது, முடித்தவுடன் மீதி ஐம்பது. இரண்டு மூன்று வாரம் ஓடும் வேலையா? மார்க்கை முன்னாடியே பேசி வைத்துக் கொள்ளுங்கள். டிசைனில் கையெழுத்து விழுந்தால் இருபது. எழுதியதை இன்னொருத்தர் பார்த்து ஓ.கே. சொன்னால் ஐம்பது. டெஸ்ட்டில் தேறினால் எண்பது. கிளையன்ட் ஏற்றுக்கொண்டால் நூறு. 'ஏறக்குறைய ஓ.கே. ஸார்' என்பதற்கு மார்க் இல்லை. இந்த எண்களை மேலே சொன்ன 'ஃபிஸிகல்' கட்டத்தில் போடுங்கள். அது தேதிகளை நகர்த்தாது. தேதியை நகர்த்துவது பாக்கி நாள் கட்டத்தின் வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால்தான் வம்பு.

அதைவிட நீளமான வேலை என்றால் உடைத்துவிடுங்கள். எட்டு மணிக்குக் குறையாமல், எண்பது மணிக்கு மிகாமல் என்று ஒரு நாட்டு வழக்கு இந்தத் தொழிலில் உண்டு. எண்பது மணி என்பது ஆபீஸ் கணக்கில் இரண்டு வாரம். ஒருத்தர் உங்களிடம் பொய் சொல்லாமலே ஏமாற்ற முடிகிற அதிகபட்ச காலம் அது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தொண்ணூறு தொடர்கிறது? சாஃப்ட்வேரின் தப்பு இல்லை. மீட்டிங்கில் ஒரு பையன் எழுந்து, "இன்னும் ஒன்பது நாள் ஆகும் ஸார்" என்கிறான். மேனேஜர் நாலு பேர் எதிரில், "என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க இத்தனை நாளா?" என்று வாங்கு வாங்கென்று வாங்குகிறார். பக்கத்து நாற்காலிக்காரன், "தொண்ணூறு ஸார்" என்கிறான். "வெரிகுட்" கிடைக்கிறது. மறுவாரம் முதல் பையனும் தொண்ணூறு. அந்த நிமிஷத்திலிருந்து அந்த ஃபைலில் இருப்பதெல்லாம் கதைதான். அதைப் பார்த்து ஒருத்தர் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டிருப்பார், இன்னொருத்தர் ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்பார். கடைசி வாரத்தில் எல்லாம் ரத்து. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பரோட்டா பார்சல்.

நீங்கள் மீட்டிங்கில் பதில் சொல்கிற இடத்தில் இருந்தால், பாக்கி நாளோடு ஒரு காரணமும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "ஒன்பது நாள் ஸார். அதுல நாலு நாள் டேட்டா திருத்தறது. அதை அவங்க ஆளே பண்ணிக் கொடுத்தா அஞ்சு நாள்ல முடிச்சிடலாம்." இது சாக்கு அல்ல, பேரம். பாஸுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறீர்கள். கேள்வி கேட்கிற இடத்தில் இருந்தால், சிவப்பாக வந்த வரியைப் பார்த்தவுடன் குரலை உயர்த்தாமல் இருக்க முடிகிறதா பாருங்கள். கஷ்டம்தான்.

உங்கள் ஃபைல் ஏற்கெனவே தொண்ணூறுகளால் நிரம்பி வழிகிறதா? வரும் திங்கட்கிழமையே சரி பண்ணலாம். முதலில் 'பேஸ்லைன்' இருக்கிறதா பாருங்கள். அதாவது, ஆரம்பத்தில் ஒப்புக் கொண்ட தேதிகளின் பதிவு. சில ஆபீஸ்களில் வாரா வாரம் புதுத் தேதிகளையே அதன் மேல் பதிந்து விடுகிறார்கள். தாமதம் எப்போதும் பூஜ்யம்! மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் பதினொரு பேஸ்லைன் வரை தனித்தனியாக வைத்துக் கொள்ள இடம் தருகிறது, எதற்காகப் பழசை அழிக்க வேண்டும்? அதைப் பத்திரப்படுத்திவிட்டு, ஸ்டேட்டஸ் டேட் கோட்டைக் கிழித்து, ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய் மூன்றே மூன்று கேள்வி. எப்ப ஆரம்பிச்சீங்க? முடிஞ்சுதா? இல்லேன்னா இன்னும் எத்தனை நாள்? ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

பதில்களைப் போட்டு முடித்ததும் கடைசித் தேதி ஒரு துள்ளு துள்ளும். மூன்று வாரம், ஐந்து வாரம்கூடத் தள்ளிப் போகலாம். பதறாதீர்கள், நீங்கள் தள்ளவில்லை. அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. ஆனால், பாஸ் அதை மீட்டிங்கில் முதல் தடவை பார்க்கும்படி விட்டுவிடாதீர்கள். முன்னதாகத் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். மத்தியானம் சாப்பிட்டு வந்த பிறகு போவது உத்தமம்.